மூக்கர் காட்டிய அடுக்கு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சின்னவன் பேசியதெல்லாம் ஒரே பேச்சுதான். கண்ணைக் கட்டியிருந்தார்கள். கை இரண்டையும் முழங்கைக்கு மேல் வரை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். போர்வை தோலில் படாமல் இருக்க நெஞ்சுக்கு மேலே ஒரு கம்பிக் கூண்டை வைத்து அதன்மேல் போர்த்தியிருந்தார்கள். இந்தக் கோலத்தில் கிடக்கிற மனிதன் வலிக்கிறது என்று கத்துவான், தண்ணீர் கேட்பான், பெண்டாட்டியைக் கூப்பிடுவான் என்றுதானே நினைப்போம்? அவன் அப்படியில்லை. யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும், நடைச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டு மெதுவாக ஆரம்பிப்பான்.

"அக்கா, கையால இறுக்கி முடிச்சேன். அப்புறம் ஸ்பேனர்ல ஒரு சுத்து. அப்புறம் கால் சுத்து. அவ்வளவுதான போட்டேன்? அரை சுத்தா போட்டிருப்பேனோ?"

பெரியக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டே, கால் சுற்றுதான்டா என்பாள். அவன் இரண்டு வாய் வாங்குவான். மூன்றாவது வாய்க்கு முன்னால், நீ சும்மா சொல்ற என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒன்பது நாளாக இதேதான். பாதிக் கஞ்சி பாத்திரத்திலேயே திரும்பிப் போகும்.

அவன் ஐஸ் கம்பெனியில் ஜெனரேட்டர் மெக்கானிக். கரண்டு போனால் ஐஸ் உருகும், ஐஸ் உருகினால் உள்ளே அடுக்கியிருக்கிற மீனெல்லாம் நாறும். அதனால் அந்த இன்ஜின் நிற்கவே கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது அவன் பாடு. இன்ஜினில் எண்ணெய் வடிகட்டிக்கு ஒரு மூடி உண்டு. மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்க வளையமாக ஒரு ரப்பர் கேஸ்கட். பழையது விறைத்துக் கீறல் விட்டதும் புதிதாக ஒன்று மாட்டினான். மாட்டிய பதினோராம் நாள் காலையில் அந்த இடம் பிய்த்துக்கொண்டது. காய்ந்த எண்ணெய் எதிரே இருந்த புகைக்குழாயின்மேல் பீய்ச்சி அடித்து, குப்பென்று பற்றிக்கொண்டது. அவன் வாசலை ஒட்டித்தான் நின்றிருந்தான், வெளியே ஓடியிருக்கலாம். டீசல் வால்வை மூட உள்ளே ஓடினான். மூடியும் விட்டான். கட்டிடம் பிழைத்தது அதனால்தான்.

ஐஸ் கம்பெனி மேலாளர் வந்து பார்த்தார். போல்ட்டை அளவு தெரியாமல் இறுக்கியிருக்கிறான், கேஸ்கட் நசுங்கிக் கிழிந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். போகட்டும், எழுதுகிறவர் எதையும் எழுதுவார். கொடுமை என்னவென்றால், சின்னவனும் அதை நம்பிவிட்டான். பதினாறு வருஷம் ஸ்பேனர் பிடித்த கை தப்புச் செய்துவிட்டது என்கிற நினைப்பு, தோல் வெந்த வலியைவிட அதிகமாக அவனை அரித்தது.

பெரியக்காவுக்கு அவன் தம்பி என்று பெயரே தவிர, பிள்ளை மாதிரிதான். பதினான்கு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்கு நான்கு வயது. இடுப்பிலிருந்து இறக்கிவிட்டால் அழுவான் என்று அவனைத் தூக்கிக்கொண்டே சமைத்தவள் அவள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொண்டதும் இல்லை.

அந்தக் கேஸ்கட் வந்தது அவள் வேலை பார்க்கிற ரப்பர் கம்பெனியிலிருந்து. அங்கே பிசிறு வெட்டுகிற பெண்கள் ஒன்பது பேர், அதில் மூத்தவள் அவள். முதலாளிக்கு அவளைவிடப் பத்து வயது கூட, அவரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். அச்சிலிருந்து சூடு ஆறாமல் வந்து விழுகிற ஒவ்வொரு சாமானுக்கும் ஓரத்தில் மெல்லிசாக ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிசிறு. அதை வளைந்த கத்தரியால் ஒரே சுற்றில் எடுக்க வேண்டும். உள்ளே வெட்டுப் பட்டால் சாமான் போச்சு, வெளியே மிச்சம் நின்றால் திரும்பி வரும். பெரியக்கா பேசிக்கொண்டே வெட்டுவாள், சிரித்துக்கொண்டே வெட்டுவாள், தும்மினால்கூட வெட்டு விலகாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அவள் புருஷனும் அங்கேயேதான், ரோலர் மில்லில். இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றை ஒன்று பார்த்துச் சுழலும். நடுவே ரப்பரைப் போட்டு நசுக்கி, மடித்து, மறுபடி நசுக்கி, கரித்தூளும் கந்தகமும் எண்ணெயும் அளந்து சேர்த்துக் கறுப்புத் தகடாக இழுப்பது அவர் வேலை. உருளையில் விரல் சிக்காமல் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியதே ஒரு சாதனை. ஆனால் ஊழியர்கள் அவரைக் கும்பிட்டது அதற்காக அல்ல. அவருக்கு மூக்கர் என்று பட்டப்பெயர். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துண்டு ரப்பரை மூக்கருகே நீட்டினால், இது மர ரப்பர், இது நியோப்ரீன், இதில் கந்தகம் தூக்கலாய் விழுந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்வார்.

நியோப்ரீன் என்கிற செயற்கை ரப்பர் என்றால் அவருக்கு உயிர். மரத்துப் பாலில் வருகிற ரப்பர் நல்லதுதான், இழுத்தால் இழுபடும், விட்டால் சட்டென்று சுருங்கும். ஆனால் அதற்கு எண்ணெய் ஆகாது. எண்ணெயில் போட்டால் குடித்துக் குடித்து, பாலில் விழுந்த ரொட்டி மாதிரி ஊதிவிடும். வெயிலில் போட்டால் வெடிக்கும். நெருப்புப் பிடித்தால் சொட்டுச் சொட்டாய் உருகி எரிந்துகொண்டே போகும். நியோப்ரீன் அப்படியில்லை. எண்ணெய்க்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது, தீக்குச்சியைக் காட்டினால் பிடிக்கும், குச்சியை எடுத்தால் தானே அணைந்துவிடும். பாலத்துக்கு அடியில் வைக்கிறார்கள், கடலில் முங்குகிறவர்களுக்குச் சட்டை தைக்கிறார்கள், என்று சின்னவனை உட்காரவைத்து அவர் அளப்பார். மாமா ரப்பர் புராணம் ஆரம்பிச்சாச்சு, அக்கா சோத்தப் போடு என்பான் அவன். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான்.

மர ரப்பரைப் புகையில் வாட்டுவார்கள், அதனால் அதில் லேசான புகை வாசம். நியோப்ரீனில் மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி. இரண்டையும் கரித்தூள் போட்டு இழுத்து, ஒட்டாமலிருக்க வெள்ளைப் பவுடர் தூவி வைத்துவிட்டால், பெற்றவளுக்கும் அடையாளம் தெரியாது. அதற்காகக் கம்பெனியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளி, அதில் இனிமேல் கரையாது என்கிற வரை உப்புப் போட்டுக் கலக்கின தண்ணீர். தகட்டில் நகமளவு வெட்டிப் போட்டால் மர ரப்பர் மிதக்கும், நியோப்ரீன் கனம், அது முங்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைக் காட்டுவார்கள். மூக்கர் மட்டும் அந்த வாளியைத் தொட்டதே இல்லை. அவருக்கு எதற்கு வாளி?

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் புரட்டி எடுத்துவிட்டு இறங்கியது. அதற்கடுத்த வாரம் பெரியக்கா கடைக்குப் போய்விட்டு வருகிறாள், தெருமுனையிலேயே பால் தீய்ந்த நாற்றம். உள்ளே போனால் அடுப்படி முழுக்கப் புகை, அவர் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். அவள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பூண்டை நசுக்கிக் கையில் தேய்த்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டி, இதில் என்ன வாசம் என்றாள். அவர் உள்ளங்கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

அன்றைக்கு அவள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். யாரிடமும் மூச்சு விடாதீர்கள், இரண்டு மாதத்தில் தானாக வந்துவிடும் என்றாள். வயிற்றுப்பாட்டுக்குப் பயந்து மட்டும் அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார், சிரிக்கமாட்டார், கல்யாணம் கச்சேரி என்று போனால் ஓர் ஓரமாக நிற்பார். மூக்கர் என்கிற அந்த ஒரு பேரை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று நினைத்தாள். பாசத்தில்தான் நினைத்தாள். பாசத்துக்கு அறிவு எங்கே இருக்கிறது?

இரண்டு மாதம் போயிற்று, வாசம் வரவில்லை. ஒரு நாள் ராத்திரி மழையில் கம்பெனிக் கூரை ஒழுகியிருந்தது. காலையில் போய்ப் பார்த்தால், ஆற வைத்திருந்த இரண்டு தகட்டு அடுக்குகளிலும் தண்ணீர் வழிந்து, பவுடர் கரைந்து, சுண்ணக்கட்டியில் எழுதியிருந்த பெயர் அழிந்து கிடந்தது. ஒன்று நியோப்ரீன், நாற்பது எண்ணெய்க் கேஸ்கட்டுக்கு. மற்றது மர ரப்பர், பள்ளிக்கூட நாற்காலிகளுக்குக் கால் குல்லா போட. எது எது?

தகட்டை அச்சில் அழுத்துகிற பிரஸ்ஸின் மேஸ்திரி, வாளியில் போட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டுவிட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மூக்கர் நிற்கும்போது வாளியா, ராஜா இருக்கும்போது சேவகனைக் கேட்பீரா என்று ஒருவர் மேஸ்திரியை ஓட்டினார். மேஸ்திரி காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் மூக்கருக்காக வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

பெரியக்கா அப்போது கத்தரியைத் தீட்டிக்கொண்டு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். வாளி அவள் காலடியில்தான் இருந்தது. அவர் குனிந்தார். முதல் அடுக்கின்மேல் முகத்தை வைத்து நிதானமாக மூச்சை இழுத்தார். இரண்டாவது அடுக்குக்குப் போனார், அங்கேயும் இழுத்தார். இழுத்துக்கொண்டே ஒரு கணம் கண்ணைத் தூக்கி அவளைப் பார்த்தார். அப்புறம் இடது பக்க அடுக்கைக் காட்டி, இதுதான் நியோப்ரீன், பிரஸ்ஸுக்கு எடுத்துப் போங்கள் என்றார்.

அவள் காலடி வாளியைப் பார்த்தாள். எழுந்து ஒரு துண்டு வெட்டி வாளியில் போட எவ்வளவு நேரம்? ஆனால் அத்தனை பேர் முன்னால் கட்டின பெண்டாட்டியே அவரைச் சோதித்துப் பார்ப்பதா? இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கையில் தடவினாலே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கத்தரியைத் தீட்டினாள். மறுநாள் அந்தக் கேஸ்கட்டுகள் அவள் முன்னால் குவிந்தன. நியோப்ரீன் பிசிறை இழுத்தால் கட்டையாக அறும். இது இழுக்க இழுக்க வளர்ந்துகொண்டே போயிற்று. அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை. நாற்பதையும் ஒரு குறை சொல்ல முடியாதபடி வெட்டி முடித்தாள்.

ஐஸ் கம்பெனிக்கு வேண்டியதை வாங்க சின்னவனே வந்தான். கேஸ்கட்டை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு, எங்க மாமா சரக்கு, இன்ஜின் போன பின்னாடியும் இது இருக்கும் என்று எல்லோரிடமும் காட்டிவிட்டுப் போனான். நல்ல நியோப்ரீன் எல்லாம் நாற்காலிக் காலுக்குப் போயிற்று. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த நாற்காலிகள் இன்னும் ஐம்பது வருஷம் வழுக்காமல் நிற்கும்.

இதெல்லாம் நடந்து முடிந்து, தீப்பிடித்து, ஒன்பதாம் நாள். ஞாயிற்றுக்கிழமை காலை மூக்கரும் அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். சின்னவன் வழக்கம் போல ஒரு சுற்று, கால் சுற்று என்று ஆரம்பித்தான். மூக்கர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடு மச்சான். நியோப்ரீன் எண்ணெய்க்குப் போகாது. நீ கொஞ்சம் கூடுதலா இறுக்கியிருப்ப. கை தவறுறது யாருக்கும் உள்ளதுதான். அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத."

சின்னவன் தலையை ஆட்டினான். சரி மாமா என்றான். அந்தச் சரியைக் கேட்டதும் பெரியக்கா எழுந்து வெளியே நடந்தாள். தப்புச் செய்யாதவனுக்கு மன்னிப்பு வழங்கியாயிற்று, அவனும் பணிவாக வாங்கிக்கொண்டான்.

வெளியே நடையில் ஐஸ் கம்பெனிக் காவல்காரர் நின்றிருந்தார். பார்க்க வந்தவர், உள்ளே வர மனசில்லாமல் நின்றுவிட்டார். பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார். வடிகட்டி மூடியைக் கழற்றினார்களாம், கேஸ்கட் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லையாம், தார் மாதிரி பிசுபிசுவென்று கறுப்பாக வழிந்திருந்ததாம். சொல்லிவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பெரியக்கா அங்கேயே நின்றாள். நியோப்ரீன் வழியாது. வெந்தால் கரியாக விறைத்து நிற்கும். முப்பது வருஷம் ரப்பரோடு புழங்கினவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அவள் வீட்டுக்குப் போகாமல் கம்பெனிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, காவலாளி மட்டும் இருந்தார். பிசிறு மூட்டைகளை வேலைவாரியாகக் கட்டிப் பின்பக்கம் போட்டிருப்பார்கள். எண்ணெய்க் கேஸ்கட் மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து ஒரு குண்டானில் தண்ணீர் பிடித்து, டப்பாவிலிருந்த உப்பையெல்லாம் கொட்டிக் கரைத்தாள். போதவில்லை என்று பக்கத்து வீட்டில் போய் இன்னொரு பொட்டலம் வாங்கி வந்து அதையும் கொட்டினாள்.

மூக்கர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் குண்டானை வைத்தாள். பிசிறை ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாம் மேலே மிதந்தன. ஒன்றை விரலால் அழுத்தி அடியில் விட்டாள், அதுவும் மேலே வந்தது.

அவர் இது என்ன என்று கேட்கவில்லை. அவரும் ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு நீ என்னைப் பார்த்துக்கிட்டுதான இருந்த?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"எனக்கு ரெண்டும் காத்தாத்தான் இருந்துச்சு. வெறும் காத்து. எல்லாரும் தள்ளி நின்னு வழி விட்டாங்க. நான் எப்படிச் சொல்லுவேன்? பாதிக்குப் பாதி சரியா இருக்கும்னு கையக் காட்டிட்டேன். சரியாத்தான் காட்டியிருக்கேன்னு தினம் நினைச்சு நினைச்சு, அதையே நம்பிட்டேன்."

பெரியக்கா அவரை ஏசவில்லை. ஏச வேண்டுமென்றால் தன்னிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மூக்கைக் காப்பாற்றினோம் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் வாய்விட்டு அழுதாள். அவர் எழுந்து வந்து அவள் முதுகில் கை வைத்தார். கையை எடுங்கள் என்றாள். எடுத்துவிட்டார்.

மற்ற முப்பத்தொன்பதும் எங்கே எங்கே மாட்டியிருக்கிறதோ என்று அவர்தான் முதலில் கேட்டார். அதுவரை அவளுக்கு அந்த எண்ணமே வரவில்லை. அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். சோறு அப்படியே இருந்தது. முதலாளி முதலில் நம்பவில்லையாம், பிறகு பயந்துபோய் வண்டியைக் கொடுத்தாராம். அடுத்த நாலு நாள் மூக்கர் ஆறு ஊர்களுக்குப் போனார். பம்பு ஷெட், மாவு மில், படகுப் பட்டறை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான்தான் தப்பாகக் காட்டினேன், கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். சில இடத்தில் காறித் துப்பாத குறைதான்.

திங்கட்கிழமை காலை பெரியக்கா கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலிலேயே டாக்டர் அவளை நிறுத்தி, புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இரண்டு மூன்று நாள் தாண்டுவது கஷ்டம் என்று சொன்னார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். உள்ளே போனாள். சின்னவன் தலையைத் திருப்பினான்.

"அக்கா, நான் ராத்திரி பூரா யோசிச்சேன். அரை சுத்துதான் போட்டிருக்கேன்."

"இல்லடா." கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அது நியோப்ரீனே இல்ல. மர ரப்பர். அடுக்கு மாறிப்போச்சு. உங்க மாமாவுக்குக் காய்ச்சலுக்கப்புறம் வாசமே தெரியல, தெரியாமலே கையக் காட்டிட்டாரு. எனக்குத் தெரியும். வாளி என் காலடியில இருந்துச்சு, பார்த்துக்கிட்டு சும்மா இருந்தேன். வெட்டும்போதும் தெரிஞ்சுது. அப்பவும் வாயத் திறக்கல."

திட்டுவான், போ என்பான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"எண்ணெயைக் குடிச்சு ஊதியிருக்கும்" என்றான் கடைசியில்.

"ஆமாடா."

"அப்ப எப்படி இறுக்கியிருந்தாலும் நின்னிருக்காது."

"எப்படி இறுக்கியிருந்தாலும் நின்னிருக்காது."

"கால் சுத்துதான் போட்டேன் அக்கா. எனக்குத் தெரியும். கைக்கு ஞாபகம் இருக்கு." சிரிக்கிறானா அழுகிறானா என்று கட்டுக்கு வெளியே தெரிந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. "எம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லு. எம் பொண்ணு பெரிசானதும், அப்பன் கை தவறிச் செத்தான்னு யாரும் சொல்லக் கூடாது."

சாவுப் பேச்சு எதற்குடா என்று அதட்டிவிட்டுக் கஞ்சியை எடுத்தாள். அன்று முழுப் பாத்திரத்தையும் குடித்தான். குடித்துவிட்டு, ஒன்பது நாளில் முதல் தடவையாக மருந்தில்லாமல் தூங்கினான்.

அவன் மனைவியிடம் நடையில் வைத்துச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது, மூன்று வயதுக் குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வந்து கிடந்தாள். சொல்லச் சொல்ல அவள் முகம் கல்லாகிக்கொண்டே போனது.

"நீங்க பார்த்துக்கிட்டா இருந்தீங்க அண்ணி?"

"ஆமாம்மா."

"ஒன்பது நாளா அவர் கேக்கும்போதெல்லாம், கஞ்சி ஊட்டிக்கிட்டு?"

அப்போது நிச்சயமாகத் தெரியாது, காவல்காரர் சொல்லித்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அது பாதி பொய், அவளுக்கே தெரியும். அந்தப் பெண் கத்தவில்லை. காலிப் பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நாளையிலிருந்து நானே காய்ச்சிக் கொண்டுவருகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியக்கா அடுத்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போக அவள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்து வெயில் ஏறும்போது சின்னவன் போய்விட்டான்.

அவன் வீடு இருந்த தெரு சிறியது. வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். பெரியக்கா தெருமுனையில் ஒரு சுவரோரமாகத் தனியாக நின்றாள், மூக்கர் கடைசி ஊரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பியும் போக முடியவில்லை. தூக்கி வளர்த்தவனின் முகத்தைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றாள். வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. பாவம், நல்ல பையன், ஒரு போல்ட்டைக் கொஞ்சம் கூடுதலாய் இறுக்கிவிட்டான், விதி பார் என்றார் ஒருவர்.

அப்போது தம்பி மனைவி வாசலுக்கு வந்தாள். அழுது வீங்கின முகம். தெருவின் இந்தக் கோடி வரை பார்த்து, "இங்க வாங்க அண்ணி" என்றாள்.

கூட்டம் விலகியது. நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அவள் கட்டிக்கொள்ளவில்லை. பெரியக்காவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அவன் முகத்தைப் பார்க்கவிட்டாள். பார்த்து, நெற்றியைத் தொட்டு, அழுது முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு மறுபடி வாசலுக்குக் கூட்டிவந்து, தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"என்னம்மா?"

"அவர்கிட்ட சொன்னத. ஒண்ணு விடாம."

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். தம்பி மனைவி அவரைப் பார்த்து, இவங்க ஏதோ சொல்லணுமாம், கேட்டுட்டுப் போங்க என்றாள். பெரியக்கா சொன்னாள். அடுக்கு மாறியது, புருஷனுக்கு வாசம் தெரியாதது, வாளி, கத்தரி, தான் சும்மா இருந்தது எல்லாம் சொன்னாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்து ஐஸ் கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர். அவர்களுக்கும் சொன்னாள். பிறகு அந்த மேலாளரே வந்தார். அவரிடம், நீங்கள் எழுதினது தப்பு, என் தம்பி கால் சுற்றுதான் போட்டான், அவன் கை தவறவில்லை என்று எழுந்து நின்று சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிசிறு வெட்டுகிற எட்டுப் பெண்களும் சேர்ந்து வந்தார்கள். அவர்களிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மூக்கரைத் தெய்வம் போலப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். ஒருத்தி மட்டும் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள், மற்றவர்கள் தொடவில்லை.

உச்சி வெயிலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தம்பி மனைவி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பெரியக்கா குடித்துவிட்டு டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். தெருவில் இன்னொருவர் வந்துகொண்டிருந்தார், யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் வாசலுக்கு வந்து நின்றதும், மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.